கன்னம் பட்ட ஃபோன்

அந்த ஃபோனை வாங்கியவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். அதாவது, அதை வாங்கியதாலேயே பெரிய மனிதர் ஆகிவிட்டோம் என்று ஒரு வாரம் நம்பியவர்கள். அடுத்த வாரம் கையில் டோக்கனோடு சர்வீஸ் சென்டரில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அவள் மூன்றாம் எண் கவுன்டரில் இருந்தாள். காலையில் கதவைத் திறக்கும்போதே நாற்காலிகள் நிறைந்துவிடும். அத்தனை முகங்களிலும் ஒரே கேள்விதான்: நல்லாத்தானே இருந்தேன், எனக்கு ஏன் இந்த வேலை?

நியாயமான கேள்வி. பழைய மாடலில் மிளகு மிளகாகப் பொத்தான்கள் இருந்தன. அலுவலகக்காரர்களின் கட்டைவிரல் கண்ணை மூடிக்கொண்டே கடிதம் அடிக்கும். புதியதில் பொத்தானே கிடையாது, முகம் முழுக்கக் கண்ணாடி. தொட்டால் மட்டும் போதாது, அமுக்கவும் வேண்டும். அமுக்கினால் மொத்தக் கண்ணாடியும் 'டிக்' என்று இறங்கி ஏறும். சர்வீஸ் சென்டரில் அதன் பெயரே 'கண்ணாடி'தான். 'அலுவலகத்தை உள்ளங்கையில் ஏந்துங்கள்' என்று சுவரில் பெரிய விளம்பரம் ஒட்டியிருந்தது. ஏந்தியவர்கள் அதற்குக் கீழேதான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

வக்கீல் ஒருவர், ஓர் எழுத்தை அமுக்கினால் பக்கத்து வீட்டு எழுத்து வந்து நிற்கிறது என்றார். தாம் அனுப்பிய நோட்டீஸைப் படித்த எதிர்த்தரப்பு வக்கீல், "குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டாராம். கட்டட மேஸ்திரி ஒருவருக்குச் சிமெண்ட்டில் காய்ந்த விரல்கள். அவர் என்ன அமுக்கினாலும் கண்ணாடி அவரை மனிதராகவே மதிக்கவில்லை. டிராவல்ஸ் நடத்தும் அம்மாள் ஃபோனைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டி, "இது எப்ப திரும்பும்?" என்றாள். எல்லாரும் சேர்ந்து காத்திருந்தார்கள். திரும்பவில்லை. அவள் அலுத்துப்போய்ப் பைக்குள் போடப் போனபோது திரும்பியது.

எல்லாருக்கும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான். "பழகிடும் சார்." "பழகிடும் மேடம்."

அவளாக உண்டாக்கிய பதில் இல்லை அது. மேலாளர் கற்றுக்கொடுத்தது. அவருடைய அறை கவுன்டர்களுக்கு நேர் பின்னால், கதவு எப்போதும் திறந்தே இருக்கும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதை நாம கஸ்டமர்கிட்ட மரியாதையா சொல்லணும். கோளாறுங்கற வார்த்தை மட்டும் உங்க வாய்லேர்ந்து வரக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இரண்டாம் கவுன்டரில் இருந்தவன் கொஞ்சம் வாய்த் துடுக்கு. ஒருநாள் ஒரு கஸ்டமரிடம், "இதுக்குப் பழைய ஃபோனே தேவலை சார்" என்று சொல்லிவிட்டான். அவனுடைய நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறது. போகிற வருகிறவர்கள் அதில் பை வைக்கிறார்கள்.

கூடம் கோணல்தான் என்று அவளுக்குத் தெரியும். பின்னறையில் ஃபோன்களைப் பிரித்துப் பார்க்கும் டெக்னீஷியனை எல்லாரும் 'ஸ்க்ரூ' என்று கூப்பிடுவார்கள். அவர்தான் ஒருநாள் சொன்னார்: காதுக்குக் கொண்டுபோனதும் கண்ணாடி தானாக உறங்க வேண்டும், அதற்கென்று மேலே ஒரு சின்னக் கண் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண் சோம்பேறி. கண்ணாடி விழித்தே இருக்கும், கன்னம் போய் அமுக்கும். கன்ன எலும்பு படுகிற இடத்தில் சரியாக உட்கார்ந்திருப்பது மைக்கை அடைக்கும் திரைப் பொத்தான். அது அமுங்கிவிட்டால் எதிர்ப்பக்கம் பேசுவது ஃபோன்காரருக்குக் கேட்கும். இவர் பேசுவது ஊமை கண்ட கனவுதான், யாருக்கும் போகாது.

"தலைமை ஆபீசுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அடுத்த சாஃப்ட்வேர்ல சரி பண்றாங்களாம். அதுவரைக்கும் முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறது நம்ம வேலை" என்று ஸ்க்ரூ அடுத்த ஃபோனைக் கவிழ்த்துப் போட்டார்.

மறைத்தாள். காலையிலிருந்து மாலைவரை மறைத்தாள். வீடு போய்ச் சேரும்போது வாயில் ஒரு சொல்கூட மிச்சம் இருக்காது. கணவனுக்கு அச்சகத்தில் மாலை ஷிஃப்ட். அவள் செருப்பைக் கழற்றும்போது அவன் செருப்பை மாட்டுவான். மகள் மட்டும் இருப்பாள். போன வாரம் மகள், புது ஷூ கடிக்கிறது என்று குதிகாலைக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"பழகிடும்" என்றாள் இவள், அதைப் பார்க்காமலே.

மகள் காலை இழுத்துக்கொண்டாள். "அம்மா, நான் கஸ்டமர் இல்ல" என்றாள்.

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தைத்தும் என்ன, மறுநாள் காலையில் மூன்றாம் கவுன்டருக்குத்தானே வந்தாக வேண்டும்?

அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமைதான் லிஃப்ட்காரர் மறுபடி வந்தார். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் விற்பனையாளர் அவர். அலுவலகம் கண்ணாடியைக் கொடுத்துப் பழைய ஃபோனை வாங்கிக்கொண்டது. ஏற்கெனவே இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிக் கொடுத்தாள். சர்வீஸ் சென்டரில் இருக்கும் ஒரே மருந்து அது, தலைவலிக்கும் அதுதான், கால்வலிக்கும் அதுதான்.

"சொல்லுங்க சார். இப்ப என்ன பண்ணுது?"

"ஃபோனை ஒண்ணும் பண்ண வேணாம் மேடம்." அவர் சட்டைக் காலர் வியர்வையில் மடங்கிக் கிடந்தது. சவரம் செய்து இரண்டு மூன்று நாள் இருக்கும். "நீங்க எங்க அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன். நாளை மறுநாள் காலை. ஊர் இங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரம். போன வாரம் அண்ணனே கூப்பிட்டார். அண்ணன் என்றால் அப்பா இல்லாத வீட்டில் அப்பாவாக இருந்தவர், மனம்விட்டுப் பேசுகிற ஆள் இல்லை, அதட்டித்தான் பேசுவார். அவர் அன்றைக்கு அதட்டவில்லை. "டேய், மயக்க மருந்து குடுத்துடுவாங்களாம். எழுந்திருக்காமலே போயிட்டா என்னடா பண்றது? எனக்குப் பயமா இருக்கு. நீ வந்து வாசல்ல நிக்கிறியா?" என்று கேட்டார்.

"நான் பதறிட்டேன் மேடம். 'என்னண்ணே இப்படிக் கேக்கற, நான் வராம வேற யாரு வருவா, முந்தின நாளே வந்துடறேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அவரு, 'என்னடா, பேச மாட்டேங்கற?'ங்கறாரு. நான் இன்னும் சத்தமா சொல்றேன். ரோட்ல போறவங்க திரும்பிப் பாக்கறாங்க. அண்ணனுக்கு மட்டும் கேக்கல. அப்புறம் ஃபோன் கட்டாயிடுச்சு. எடுத்துப் பாத்தா, மைக்குக்குக் குறுக்கால கோடு போட்ட படம் நிக்குது."

அவளுக்குத் தெரிந்த படம்தான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறாள்.

"திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல. நேராவே போய்ட்டேன். எம் முகத்தப் பாக்க மாட்டேங்கறாரு. 'பயமா இருக்குன்னு வாய்விட்டுக் கேட்டேன், பதில் சொல்லாம வெச்சிட்டான்'னு அண்ணிகிட்ட சொல்லிருக்காரு. ஃபோன்தான் ஊமையாயிடுச்சு, கன்னம் பட்டுடுச்சுன்னேன். சிரிச்சாரு மேடம். எங்கண்ணன் ரிட்டயர் ஆகற வரைக்கும் டெலிஃபோன்ல லைன்மேன். கம்பம் ஏறாத தெரு கிடையாது. 'எங்கிட்டயே கதை விடறியா? கன்னம் பட்டு ஊமையாகற ஃபோன நான் பாத்ததில்ல. வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போ'ன்னு கதவச் சாத்திட்டாரு."

அவர் கண்ணாடியைக் கவுன்டர்மேல் வைத்தார். "கம்பெனி ஆளு சொன்னா நம்புவாரு. இந்த ஃபோன்ல அப்படி ஒரு கோளாறு இருக்குன்னு நீங்க சொல்லணும். எம்மேல இந்தக் கோபத்த வெச்சிக்கிட்டு அவரு மயக்க மருந்துக்குப் போகக்கூடாது மேடம்."

அவள் வாயைத் திறந்தாள். அதிலிருந்து வந்தது, "பழகிடும் சார்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. நாக்கு அழுகிப் போயிருக்கக்கூடாதா என்றிருந்தது.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எது மேடம் பழகிடும்?" என்று கேட்டார்.

பின்னால் மேலாளர் தொண்டையைக் கனைத்தார். அது தற்செயலா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. "அப்படியெல்லாம் நாங்க சொல்ல முடியாது சார். கம்பெனி ரூல்ஸ்" என்று மென்று விழுங்கினாள். அவர் தலையாட்டினார். ஃபோனை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே போகவில்லை.

அடுத்த டோக்கன் வந்தது. அதற்கடுத்தது வந்தது. கடைசி நாற்காலி அவள் கண்ணிலிருந்து மறையவே இல்லை. மனிதர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வெறுத்துவிடலாம். அவர் அண்ணன் வீட்டு எண்ணைக் கூப்பிடுவதும், யாரும் எடுக்காமல் போக ஃபோனை மடியில் வைப்பதுமாக இருந்தார். அதுவும் அந்தக் கண்ணாடியில் ஓர் எண்ணைக் கூப்பிடுவதென்றால் மூன்று தடவை தப்பாக அமுக்க வேண்டும். வேறு ஃபோனில் கூப்பிடலாம், ஆனால் அவர் குரலைக் கேட்டதும் அண்ணன் வைத்துவிடுவார். காலையிலிருந்து மனிதர் எதையும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு அசதியாக இருந்தது. யாருக்காகவாவது இரக்கப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

மாலை டீ நேரத்தில் எழுந்து, காகிதக் கோப்பையில் டீயைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசையைத் தாண்டும்போது நிற்காமலே சொன்னாள். "மாடிப்படிக்கு வாங்க சார்."

மாடிப்படிக் கூண்டில் உடைந்த நாற்காலிகளும், கழற்றிப் போட்ட பழைய விளம்பரப் பலகைகளும் கிடந்தன. கவுன்டர் ஃபோனில் பேசினால் தலைமை அலுவலகத்தில் கேட்பார்கள். அவளுடைய கைப்பேசியோ காலையிலேயே உயிரை விட்டிருந்தது. "உங்க ஃபோன்லயே போடுங்க. அண்ணி எடுப்பாங்களா?"

"இந்நேரம் அண்ணி இருப்பாங்க."

அண்ணி எடுத்தாள். "அண்ணி, வெச்சிடாதீங்க. ஃபோன் கம்பெனிலேர்ந்து மேடம் பேசறாங்க. அண்ணன்கிட்ட குடுங்க, அவங்ககிட்ட மட்டும் பேசச் சொல்லுங்க" என்று கெஞ்சிவிட்டு அவளிடம் நீட்டினார். மறுமுனையில் ரிசீவர் கை மாறுகிற சத்தம் கேட்டது. "ஹலோ" என்றது ஒரு கட்டைக் குரல். "யாரும்மா நீங்க?"

அவள் பேசினாள். எத்தனையோ மாதமாக அடைத்து வைத்திருந்தது மடை திறந்து கொட்டியது. "ஐயா, உங்க தம்பி மேல தப்பில்ல. இந்த ஃபோன் அப்படித்தான். கன்னம் பட்டா ஊமையாயிடும். தினமும் இதே புகாரோட ஆளுங்க வராங்க. எங்களுக்குத் தெரியும், தெரிஞ்சே மறைக்கறோம். பழகிடும் பழகிடும்னு சொல்லியே அனுப்பறேன். உங்க தம்பி அன்னிக்கு ரோட்ல நின்னு கத்திருக்காரு, வரேன் வரேன்னு. உங்களுக்குத்தான் வரல. அவரு காலைலேர்ந்து சாப்பிடாம இங்க உக்காந்திருக்காரு ஐயா. ஏதாவது பேசுங்களேன்."

மறுமுனையிலிருந்து "ஹலோ? ஹலோ?" என்று மட்டும் கேட்டது.

லிஃப்ட்காரர் அவளையே பார்த்தார். பிறகு அவள் கன்னத்தைப் பார்த்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கை கைப்பிடிச் சுவரில். ஃபோனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டிருந்தாள். கன்னம் பட்டால் ஊமையாகும் என்று அந்தக் கணம்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அவசரமாக எடுத்துப் பார்த்தாள். மைக்குக்குக் குறுக்கே கோடு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. செவிடன் காதில் சங்கு ஊதுவதாகச் சொல்வார்கள். இங்கே சங்கே அடைத்துக்கொண்டது. கோடு போட்ட அந்தப் படத்தை அமுக்கினாள். விலகவில்லை. அவர் வாங்கி அமுக்கினார். கன்னம் அதற்குள் வேறு எதையோ அமுக்கி, ஸ்பீக்கரும் விழித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சின்னக் கடிகாரம் வந்து சுற்றத் தொடங்கியது. அது வந்துவிட்டால் கண்ணாடி யார் பேச்சையும் கேட்காது. பேட்டரியைக் கழற்றினால்தான் உண்டு. கழற்றினால் இணைப்பு போய்விடும். அவர் விரல் பேட்டரி மூடியின்மேல் போய் நின்றது.

அப்போது அண்ணன் குரல் மாடிப்படிக் கூண்டு முழுக்கக் கேட்டது. "பாத்தியா? கம்பெனிக்காரிங்கறான். அவளும் வாயத் திறக்கல. நல்ல நாடகம்."

"வெச்சிடுங்க" என்றாள் அண்ணி.

"இரு."

ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் வந்தது.

"இரு இரு, வைக்காத. அந்தப் பக்கம் வெச்சிருந்தா டொய்ங் டொய்ங்னு சத்தம் வந்திருக்கணும். வரல. லைன் உயிரோட இருக்கு." குரல் இப்போது லைன்மேனின் குரலாக இருந்தது. "ஆளு இருக்கு. பேசறது நமக்கு வரல. கம்பெனிக்காரி எங்கிட்ட எதுக்குடி பேசாம நிக்கணும்? அவளுக்கு எம்மேல என்ன கோபம்?"

லிஃப்ட்காரர் விரலை மூடியிலிருந்து எடுத்துவிட்டார்.

 அண்ணன், அண்ணியிடம் சொல்கிறாரா தமக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார். "அன்னிக்கும் டொய்ங் சத்தம் வரல. நல்லா ஞாபகம் இருக்கு. லைன் உயிரோடதான் இருந்துச்சு. அவன் வைக்கல. நாந்தான் படார்னு வெச்சேன். வெச்சது நானு, பழி அவன் மேல. காலம் பூரா கம்பம் ஏறினவன், அந்தச் சத்தத்துக்கு ஒரு நிமிஷம் காத்திருக்கலல்ல?"

"பயந்திருந்தீங்க" என்றாள் அண்ணி.

"டேய்." அது இந்தப் பக்கத்துக்கு. "அங்கதான நிக்கற? நீ பேசினாலும் எனக்கு வராது, கேளு. புதன்கிழமை காலைல வாசல்ல வந்து நில்லு. நான் உள்ள போறப்ப நீ கண்ணுல படணும், வேற ஒண்ணும் வேணாம். அந்தச் சனியன அங்கயே எறிஞ்சிட்டு வா."

"வரேண்ணே" என்றார் லிஃப்ட்காரர். அடைத்த மைக்கைப் பார்த்து, கன்னத்தில் கண்ணீர் வழிய, "வரேண்ணே, இன்னிக்கே வரேண்ணே" என்றார். கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இப்ப நாந்தான் வைக்கறேன். தெரிஞ்சிக்க" என்றார் அண்ணன். வைத்துவிட்டார்.

லிஃப்ட்காரர் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார்.  கும்பிட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார். பஸ் பிடிக்க வேண்டும். அவள் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். தான் கொட்டிய உண்மையில் ஒரு சொல்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அசதியாக இருந்தது.

கவுன்டருக்குத் திரும்பியபோது மேலாளர், "டீ குடிக்க இவ்வளவு நேரமா?" என்றார். அவள் உட்கார்ந்தாள். எதிரில் ஒரு பெண்மணி, ஏதோ அலுவலகத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, கண்ணாடியை நீட்டினாள்.

"மேடம், பேசிட்டே இருக்கும்போது எதிர்ப்பக்கம் 'ஹலோ ஹலோ'ங்கறாங்க. நேத்து என் பொண்ணு ஸ்கூல்லேர்ந்து அழுதுட்டே கூப்பிட்டா. நான் சொன்னது எதுவுமே அவளுக்குக் கேக்கல. எனக்குத்தான் பிடிக்கத் தெரியலையா?"

அந்தச் சொல் வழக்கம்போல நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"உங்க மேல தப்பில்ல மேடம்" என்றாள், பின்னால் மேலாளர் அறைவரை கேட்கும்படி. "கன்னம் பட்டா ஊமையாயிடும். ஃபோன்லதான் கோளாறு. வீட்டுக்குப் போனதும் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. மேலாளர் எழுந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மகளின் குதிகாலைப் பார்க்க வேண்டும், மறக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.